மலை மேல காபி, வீட்டுல பாக்கெட்: சேலம், நாமக்கல் வீடுகளில் நல்ல காபி போட என்ன தெரிஞ்சிருக்கணும்?

சேலத்தில் கொஞ்சம் உயரமான மாடியில் ஏறி நின்றால் சேர்வராயன் மலை கண்ணில் படும். நாமக்கல், சேந்தமங்கலம் பக்கம் போனால் கொல்லிமலை. இரண்டு மலையிலும் காபி விளைகிறது. அதிலும் ஏற்காட்டில் இன்று நேற்றல்ல, ஏறக்குறைய 200 ஆண்டுகளாக விளைகிறது. ஆனால், அடிவாரத்து வீடுகளில் காலையில் இறங்குவது பெரும்பாலும் எந்த ஊர்க் கொட்டை என்றே எழுதாத பாக்கெட் தூள்தான்.

இது மெல்ல மாறி வருகிறது. பச்சைக் கொட்டை வாங்கி வறுப்பது, கையால் அரைப்பது, கிராம் கணக்கில் நிறுத்துத் தண்ணீர் ஊற்றுவது என வீட்டுக் காபி இப்போது பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. ரீல்ஸில் பார்த்தால் கெமிஸ்ட்ரி லேப் மாதிரி இருக்கும். இதுக்கெல்லாம் ஆயிரக்கணக்குல செலவாகுமோ என்ற பயமும் வரும். அப்படி ஒன்றும் இல்லை. சமையலறை அலமாரியில் கிடக்கிற எவர்சில்வர் ஃபில்டரிலேயே ஆரம்பிக்கலாம். எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்குத் தேவையில்லை, வாங்கும் பாக்கெட்டில் உண்மையில் என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஏற்காட்டுக்குக் காபி வந்தது எப்படி?

இந்தியாவுக்குக் காபி வந்த கதையைப் பலரும் கேட்டிருப்பார்கள். 1670 வாக்கில் பாபா புதன் என்ற சூஃபி ஞானி, ஏமன் நாட்டிலிருந்து 7 விதைகளை மறைத்துக் கொண்டுவந்து கர்நாடகாவின் சிக்கமகளூரு மலையில் நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஏற்காட்டின் கதை அதற்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரிதான் இந்த மலையில் காபியையும் ஆரஞ்சு போன்ற பழ மரங்களையும் கொண்டுவந்து வளர்த்தார். 'ஏற்காட்டின் தந்தை' என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

சேர்வராயனில் விளைவது பெரும்பாலும் அராபிகா வகை. சுமார் 1,500 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, நிழல், இந்த மூன்றும் அராபிகாவுக்குப் பிடித்தவை. சில்வர் ஓக் மரங்கள் நிழல் கொடுக்க, அந்த மரத்திலேயே மிளகுக் கொடி ஏற, கீழே காபிச் செடி நிற்கும். கொல்லிமலையிலும் இதே காட்சிதான். அங்கே பெரிய எஸ்டேட்டுகளைவிட, மலையாளி பழங்குடி மக்களின் சிறு தோட்டங்களில் மிளகோடு சேர்ந்து வளரும் காபி அதிகம்.

நாட்டின் மொத்தக் காபி உற்பத்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகாவிலிருந்து வருகிறது. அடுத்து கேரளா. தமிழ்நாட்டின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். அந்த 5 சதவீதத்தையும் நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, சேர்வராயன், கொல்லிமலை எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பக்கத்து மலைக் காபி நமக்கு ஏன் தெரியாமல் போச்சு?

அளவு குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்கும் தெரியாதது.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுப்போனது. இந்தியக் காபியை வாங்க ஆளில்லை. விலை சரிந்து தோட்டங்கள் மூழ்கிவிடாமல் இருக்க, அன்றைய அரசு காபி விற்பனையைத் தன் கையில் எடுத்தது. 1942-ல் வந்த காபிச் சட்டத்தின்படி, தோட்டக்காரர்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் வைத்துக்கொள்ளும் சிறு அளவு போக, மற்ற எல்லாவற்றையும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் அதைத் தரம் பிரித்து, ஏலத்தில் விற்று, விவசாயிக்குத் தவணை தவணையாகப் பணம் கொடுக்கும்.

அதாவது, ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர் மலையிறங்கி வந்து சேலம் கடைவீதியில் தன் காபியைத் தன் பெயரில் விற்க முடியாது. குடகு கொட்டையும் ஏற்காட்டுக் கொட்டையும் ஒரே தொகுப்பில் போய்ச் சேரும். அங்கே தரத்துக்குப் பெயர் உண்டு, ஊருக்குப் பெயர் இல்லை. போர் முடிந்தும் இந்த ஏற்பாடு முடியவில்லை. 1992 தொடங்கிப் படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல்தான் முழு விற்பனை உரிமையும் விவசாயிகளிடம் திரும்பி வந்தது.

ஐம்பது ஆண்டு என்பது இரண்டு தலைமுறை. அந்த இரண்டு தலைமுறையில் நாக்கு பழகிவிட்டது. தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டிய காபியை, கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்கப் பழகிவிட்டோம். அந்தக் கம்பெனி காபியிலும் சேலத்துக்குத் தனி இடம் உண்டு. 1926-ல் தொடங்கிய நரசுஸ் காபி இந்த ஊர்க்காரர்களுடையதுதான். டிவி விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை.

2019-ல் கூர்க் அராபிகா, சிக்கமகளூரு அராபிகா, பாபாபுதன்கிரி அராபிகா, வயநாடு ரொபஸ்டா, அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா என 5 காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டு மலை எதுவும் அந்த ஐந்தில் இல்லை.

பாக்கெட்டில் எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி?

நல்ல காபி போட ஆசைப்படுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பது. முன்பக்கம் அழகான டம்ளர் டபரா படம் இருக்கும். விஷயம் சின்ன எழுத்தில் வேறெங்கோ இருக்கும்: காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, காபி - சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டியதும் கட்டாயம். ஆக, 'ஃபில்டர் காபி' என்று வாங்கும் கால் கிலோ பாக்கெட்டில் 120 கிராம் வரைக்கும் வேறு ஒரு செடியின் வேர் இருக்கலாம். அது சட்டப்படி சரியானதே.

சிக்கரி என்பது ஒரு கிழங்கு வேர். இந்தியாவில் குஜராத்தில் அதிகம் விளைகிறது. வேரை நறுக்கிக் காயவைத்து வறுத்துப் பொடிப்பார்கள். நெப்போலியன் காலத்தில் கப்பல் வழி அடைபட்டுக் காபி கிடைக்காமல்போனபோது பிரான்ஸில் பெரிதாகப் பரவிய பழக்கம் இது. சிக்கரியில் கஃபைன் கிடையாது. உடம்புக்குக் கெடுதல் என்று பயப்படவும் வேண்டாம். பலருக்கு அந்தத் திக்கான, லேசாகக் கருகின இனிப்புச் சுவைதான் 'காபி'. அதில் தப்பொன்றும் இல்லை. என்ன விலைக்கு எதை வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் சிக்கரி மலிவு, காபி அப்படி இல்லை. பிரேசிலில் வறட்சி, வியட்நாமில் விளைச்சல் குறைவு எனப் பல காரணங்கள் சேர்ந்து 2024-ல் உலகச் சந்தையில் காபி விலை ஏறத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. இப்படி விலை ஏறும் நேரத்தில் பாக்கெட்டின் விலையை மட்டும் பார்த்தால் போதாது, சதவீதத்தையும் பார்க்கணும். 60:40 பாக்கெட்டும் 80:20 பாக்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், விலையைக் காபியின் எடையால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது சில நேரம் மலிவாக இருக்காது.

கடையில் அரைத்து வாங்குகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. "அண்ணே, பீபெரி நூறு கிராம், சிக்கரி பத்து பர்சன்ட் போதும், ஃபில்டருக்கு அரைச்சுக் குடுங்க" என்றால் முடிந்தது. கண் முன்னால் அரைத்துக் கொடுப்பார்கள்.

பீபெரி, பிளாண்டேஷன்: அப்படின்னா என்ன?

காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதை இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியிருப்பதால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒரே விதைதான் வளரும், அது உருண்டையாக இருக்கும். அதுதான் பீபெரி. தனி ரகம் எல்லாம் கிடையாது, வடிவம் மட்டும்தான் வேறு. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும். கூடுதல் விலைக்கு அவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்றால், ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம்தான்.

பிளாண்டேஷன் என்பது பழத்தின் சதையை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா. ஏஏ, ஏ, பி என்பதெல்லாம் கொட்டையின் அளவு. பழத்தோடு அப்படியே வெயிலில் காயவைத்தால் அதற்கு 'செர்ரி' என்று பெயர். ரொபஸ்டா வேறு வகைச் செடி. அதில் கஃபைன் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் கூட. பாலில் கலக்கும்போது கொஞ்சம் ரொபஸ்டா இருந்தால் காபி 'எடுப்பாக' இருக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வது உண்மைதான்.

(காபிக் கொட்டை பார்க்கக் குளம்பு மாதிரி இருப்பதால் 'குளம்பி' என்று ஒரு தூய தமிழ்ச் சொல் உண்டு. கடையில் போய் 'நூறு கிராம் குளம்பித் தூள்' என்று மட்டும் கேட்டுவிட வேண்டாம்.)

வீட்டு ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது?

மேலே ஓட்டை போட்ட பாத்திரம், கீழே சொட்டுப் பிடிக்கும் பாத்திரம், நடுவில் குடை மாதிரி ஒரு தட்டு, ஒரு மூடி. அவ்வளவுதான். கரண்ட் வேண்டாம், பேப்பர் வேண்டாம், பழுதாக எதுவும் இல்லை. முன்பு பித்தளையில் இருந்தது, பிறகு எவர்சில்வருக்கு மாறியது. அந்த எவர்சில்வர் தகட்டையே தயாரிக்கும் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் சேலத்திலேயே உற்பத்தியைத் தொடங்கியது.

ஃபில்டரில் பலரும் அளவைக் கண்ணாலேயே போடுகிறார்கள். அதனால்தான் ஒரு நாள் பிரமாதம், மறுநாள் கழுநீர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையல் தராசு ஒன்று வாங்கினால், இந்தப் பிரச்னை பாதி தீர்ந்துவிடும்.

இரண்டு பேருக்கு 30 கிராம் தூள், 150 மில்லி தண்ணீர் என்று ஆரம்பிக்கலாம். தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தானே பிடித்துக்கொள்ளும். அதாவது 60 மில்லி தூளிலேயே தங்கிவிடும், 90 மில்லி டிகாக்‌ஷன் கீழே இறங்கும். டம்ளருக்கு 45 மில்லி டிகாக்‌ஷன், 100 மில்லி பால்.

மேல் பாத்திரம் ஈரமில்லாமல் இருக்கணும். தூளைப் போட்டு லேசாகத் தட்டிச் சமப்படுத்தி, குடையை வைக்க வேண்டும். அழுத்தி அமுக்கக்கூடாது. முதலில் 50, 60 மில்லி வெந்நீரைச் சுற்றி ஊற்றி அரை நிமிடம் விடுங்கள். புதிதாக வறுத்த தூள் என்றால் நுரைத்து உப்பும். வறுக்கும்போது கொட்டைக்குள் சிக்கிய கார்பன் டை ஆக்சைடு வெளியே வருவதுதான் அது. உப்பவே இல்லை என்றால் தூள் பழசு. பிறகு மீதித் தண்ணீரை ஊற்றி மூடிவிடலாம்.

15 முதல் 20 நிமிடத்தில் இறங்கினால் சரி. 5 நிமிடத்திலேயே இறங்கிவிட்டால் தூள் கொரகொரப்பு. டிகாக்‌ஷன் வெளிறி, புளிப்பு தட்டும். ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை என்றால் தூள் ரொம்ப நைஸ், அல்லது ஓட்டை அடைத்திருக்கிறது. அடைப்புக்குப் பழைய வைத்தியம்: காலி பாத்திரத்தின் ஓட்டைப் பக்கத்தை அடுப்புத் தீயில் காட்டினால், சிக்கிய தூள் கருகி உதிர்ந்துவிடும். இடுக்கியால் பிடித்துச் செய்யணும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. 40 சதவீதச் சிக்கரி குடித்துப் பழகியவர் திடீரென்று சுத்தமான காபிக்கு மாறினால், "என்னடா இது, தண்ணி மாதிரி இருக்கு" என்பார். அதற்குக் காரணம் இருக்கிறது. காபித் தூளில் தண்ணீரில் கரையக்கூடியது எடையில் சுமார் 30 சதவீதம்தான். வறுத்த சிக்கரியில் அது இரண்டு மடங்குக்கும் மேல். நிறமும் திக்கும் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சிக்கரி ஊறி உப்பித் தண்ணீரையும் மெதுவாக விடும். அது இல்லாதபோது தண்ணீர் ஓடிவிடும். அதனால் சுத்தமான காபிக்குத் தூளைக் கொஞ்சம் கூட்டி, அரைப்பையும் ஒரு படி நைஸாக்க வேண்டும். ஒரேயடியாக மாறாமல் 40-லிருந்து 20, பிறகு 10 என்று இறங்கினால் வீட்டில் சண்டையும் வராது.

டிகாக்‌ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக்கூடாது. வாசனை எல்லாம் ஆவியாகி, கசப்பு மட்டும் மிஞ்சும். பாலைச் சூடாக ஊற்றினால் போதும். அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்‌ஷனும் இதே ரகம். நல்ல சுவை முதலிலேயே இறங்கிவிட்டிருக்கும்.

'டிகிரி காபி' என்கிறார்களே, அது பாலின் தரத்தை லாக்டோமீட்டர் வைத்து டிகிரி பார்த்த காலத்துப் பெயர் என்பார்கள் சிலர். 'சிக்கரி'தான் மருவி 'டிகிரி' ஆனது என்பார்கள் வேறு சிலர். இரண்டாவதுதான் உண்மை என்றால், சிக்கரி இல்லாத டிகிரி காபி என்று போர்டு வைப்பதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது.

தண்ணீர்: சேலம், நாமக்கல்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம்

ஒரு டம்ளர் கறுப்புக் காபியில் 98 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். கொட்டைக்கு யோசிக்கிற அளவுக்கு யாரும் இதற்கு யோசிப்பதில்லை.

சேலம், நாமக்கல் பகுதிகளில் போர் தண்ணி பல இடங்களில் கடினம். குக்கரின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் சாட்சி. அந்தத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் உப்பு, காபியின் இயல்பான லேசான புளிப்பைச் சமன்படுத்தி, சப்பென்று ஆக்கிவிடும். ஏற்காட்டு அராபிகாவை வாங்கி வந்து போர் தண்ணியில் போட்டால், கொடுத்த காசு பாதி வீண்.

சரி, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா என்றால், அதிலும் சிக்கல். காபியின் சுவையை இழுத்து எடுக்கத் தண்ணீரில் கொஞ்சமாவது கால்சியம், மெக்னீசியம் வேண்டும். எல்லாவற்றையும் வடிகட்டிவிட்ட தண்ணீரில் காபி மெலிந்து, வெடுக்கென்று இருக்கும். சர்வதேசக் காபித் தர அளவுகளில், கரைந்த உப்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருப்பது நல்லது என்கிறார்கள். எளிய வழி: மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் வீட்டுக்கு வந்தால், அதைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டுப் பயன்படுத்துங்கள். போர் தண்ணிதான் இருக்கிறது என்றால், ஆர்.ஓ. தண்ணீரில் நாலில் ஒரு பங்கு அதைக் கலந்து பாருங்கள்.

சூட்டின் கணக்கும் சுவாரசியமானது. காபிக்கு ஏற்ற சூடு 92 முதல் 96 டிகிரி செல்சியஸ். சேலத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும். அதனால் அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு ஊற்றினால் சரியாக இருக்கும். ஏற்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே காத்திருக்கவே வேண்டாம், கொதிக்கக் கொதிக்க ஊற்றலாம்.

மிக்ஸியில் அரைக்கலாமா?

காசு செலவழிப்பதாக இருந்தால் முதல் செலவு இங்கேதான், மிஷினுக்கு அல்ல. அரைத்த தூளின் வாசனை சில நாளிலேயே போகத் தொடங்கிவிடும். கொட்டையாக இருந்தால் சில வாரம் தாங்கும். குடிக்கும் அன்று அரைப்பதற்கு இணையான மாற்றம் வேறு எதிலும் கிடைக்காது.

மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, உடைக்கிறது. பாதி மாவாகும், பாதி ரவையாகவே நிற்கும். மாவு கசப்பைத் தரும், ரவை புளிப்பைத் தரும், இரண்டும் ஒரே டம்ளரில். கைமிஷினில் இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவே கொட்டை ஒரே அளவில் நொறுங்கும். அது வாங்கும் வரை மிக்ஸியையே இப்படிச் சமாளிக்கலாம்: 3 விநாடி ஓட்டு, நிறுத்து, குலுக்கு, மறுபடி 3 விநாடி. சூடேறவிடக்கூடாது. ரவை சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மீண்டும் போடலாம்.

எதுவாக இருந்தாலும் 100 கிராமுக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள். காற்றுப்புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைக்க வேண்டும். இந்த ஊர் ஏப்ரல், மே வெயிலில் சமையலறையே ஒரு அடுப்புதான். ஃபிரிட்ஜில் வைத்து அடிக்கடி திறந்தால் ஈரம் படிந்து தூள் கட்டியாகிவிடும்.

வீட்டில் வறுப்பது முடியுமா?

முடியும். சொல்லப்போனால் இது புதுசும் இல்லை. சில வீடுகளின் பரணில் இன்னும் கைப்பிடி வைத்த காபிக் கொட்டை வறுக்கும் உருளையும், மேஜை விளிம்பில் திருகி மாட்டும் அரைக்கும் மிஷினும் கிடக்கும். பாட்டி காலத்தில் பச்சைக் கொட்டை வாங்கி வாரத்துக்கு ஒரு முறை வறுப்பதுதான் வழக்கம். தூளாக வாங்கும் பழக்கம்தான் பின்னால் வந்தது.

கனமான இரும்பு வாணலியில் 100 கிராம் பச்சைக் கொட்டை, நடுத்தரத் தீ. கை ஓயாமல் கிளற வேண்டும். பச்சை மஞ்சளாகும், புல் காய்ந்த வாசனை வரும். பிறகு பழுப்பாகி, ஏறக்குறைய பத்தாவது நிமிடத்தில் சோளப்பொரி போலப் படபடவென்று வெடிக்கும். இதுதான் முக்கியமான கட்டம். அந்தச் சத்தம் அடங்கியதும் இறக்கினால் மிதமான வறுப்பு, கறுப்புக் காபிக்கு ஏற்றது. இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் பால் காபிக்குப் பொருந்தும். எண்ணெய் மினுங்கி, புகை கருநீலமாக வந்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

இறக்கியவுடன் முறத்தில் கொட்டிப் புடைத்தால் தோல் பறந்துவிடும், கொட்டையும் ஆறும். 100 கிராம் 85 கிராம் அளவுக்குக் குறைந்திருக்கும், அது ஈரம் போனதன் கணக்கு. உடனே அரைக்கக்கூடாது. ஒரு நாளாவது வாயு வெளியேற விட வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை நிறைய வரும், பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்கும் அளவுக்கு.

பிரெஞ்சு பிரஸ், மோகா பாட் எல்லாம் வாங்கணுமா?

கறுப்புக் காபி குடிக்க ஆசை இருந்தால் மட்டும். பிரெஞ்சு பிரஸ் எளிது: கொரகொரப்பான தூள் 15 கிராம், தண்ணீர் 225 மில்லி, 4 நிமிடம், அமுக்கி ஊற்று. பேப்பரில் வடிக்கும் வி60 வகைக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும், ஆனால் ஒரு தோட்டத்துக் காபிக்கும் இன்னொரு தோட்டத்துக் காபிக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் தெளிவாகத் தெரியும். 1933-ல் இத்தாலியில் வந்த மோகா பாட், நம்ம டிகாக்‌ஷனுக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி. ஃபில்டர் இருப்பவர்களுக்கு அது அவசரமில்லை.

எவ்வளவு குடிக்கலாம்?

பொழுதுபோக்காக ஆரம்பிக்கிறவர்கள் ருசி பார்க்கிறேன் என்று ஒரே நாளில் ஐந்தாறு டம்ளர் இறக்குவது உண்டு. ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபைனுக்கு மேல் வேண்டாம் என்கிறது. 150 மில்லி காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபைன் இருக்கும் என்பது அதே வழிகாட்டுதலின் கணக்கு. ஆக, மூன்று டம்ளர் என்பது ஏறக்குறைய எல்லை. சிக்கரியைக் குறைத்துக் காபியைக் கூட்டியவர்கள், அதே டம்ளரில் கஃபைனும் கூடியிருப்பதை மறக்கக்கூடாது.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அவற்றில் உள்ள டானின், உணவிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இட்லியும் காபியும் ஒன்றாக வைத்துச் சாப்பிடும் ஊரில் இதைப் பின்பற்றுவது கஷ்டம்தான், ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டியது. கர்ப்பிணிகள் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பவர்களுக்கு, பேப்பரில் வடித்த காபி பிரெஞ்சு பிரஸ்ஸைவிட நல்லது. கொலஸ்ட்ராலை ஏற்றும் காபி எண்ணெயைப் பேப்பர் பிடித்துக்கொள்ளும்.

ஏற்காட்டுக் கொட்டை எங்கே, எப்போது வாங்கலாம்?

மலையில் அறுவடை நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். பழம் பறித்து, காயவைத்து, தோல் நீக்கித் தரம் பிரித்துக் கொட்டையாக வெளியே வர மேலும் சில வாரங்கள் ஆகும். எனவே புது மகசூல் வாங்க மார்ச், ஏப்ரல்தான் நல்ல நேரம். கோடைக்கு ஏற்காடு போகிறவர்களுக்கு வசதியாகப்போய்விடும்.

சுற்றுலா இடத்துக் கடைகளில் 'ஏற்காடு காபி' என்று எழுதிய எல்லாமே அந்த மலையில் விளைந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. தூளாக வாங்காமல் கொட்டையாகக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த வருஷத்து மகசூல், எப்போது வறுத்தது என்று மூன்று கேள்வி கேட்டாலே விற்பவருக்குத் தெரியுமா தெரியாதா என்று புரிந்துவிடும். கொல்லிமலையில் மிளகு விற்கும் சிறு விவசாயிகளிடம் காபியும் இருக்கும். ஆனால் பல நேரம் வறுக்காத பச்சைக் கொட்டையாகவே கிடைக்கும். அரை கிலோ வாங்கினால் போதும். வறுக்காத கொட்டை ஈரம் படாமல் இருந்தால் பல மாதம் கெடாது, நூறு நூறு கிராமாக வறுத்துக்கொள்ளலாம்.